மேல்பக்கம் மட்டும் வெளுத்த பவளம்

என் மகள் குடியிருக்கும் கட்டடத்தில் அவரை எல்லோரும் தொட்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். வீடுகளில் வைத்திருக்கும் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது அவர் வேலை. வாரத்துக்கு ஏழு நாள், அந்தக் கட்டடத்தில் ஏழு வீடு, நாளுக்கு ஒரு வீடு. வெளியே வேறு பிழைப்பு கிடையாது. முதல் வீடு என் மாப்பிள்ளையுடையது. மற்ற ஆறு வீட்டுக்கும் அவரைச் சொல்லிவிட்டதும் என் மாப்பிள்ளைதான். அந்த ஒரு வாயிலிருந்து நல்ல சொல் வந்ததால் அவருக்கு ஏழு வீடு. அதே வாயிலிருந்து கெட்ட சொல் வந்தால் ஒன்றும் மிஞ்சாது. கெட்ட சொல் வந்தது. வரக் காரணம் நான். அதைத் திறந்து சொல்ல எனக்கு நாலு நாள் பிடித்தது.

நானும் என் வீட்டுக்காரியும் அங்கே போய்த் தங்கியது பேத்தி பிறப்பதற்காக. பேத்தியைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் பேச்சு. அதனால் ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அவள் கொட்டாவி விடும்போது இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விடும், யாரோ துப்பாக்கியைக் காட்டி மிரட்டியது போல. ஒரு நாளைக்கு இருபது தடவை பார்த்தாலும் அலுக்காது. சரி, நிறுத்திவிட்டேன்.

தொட்டிக்காரரை நான் முதலில் பார்த்தது பேத்தி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு வியாழக்கிழமை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. சட்டைக் கையின் ஓரத்தில் எப்போதும் உப்புப் பூத்திருக்கும். மோதிரம் போட மாட்டார், வாசனை சோப்பு தொட மாட்டார், வேலைக்கு வரும் அன்று தலைக்கு எண்ணெய்கூட வைக்க மாட்டார். எல்லாம் தண்ணீருக்குள் போய்விடுமாம். வந்ததும் வாளியைக் கீழே வைத்தார், சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வேலையும் செய்யவில்லை.

நான் சமையலறைக்குப் போய், வேலைக்கு வந்தவர் சினிமா பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க கயித்துல தொங்கினப்போ கீழ இருந்து பார்த்தவங்களும் இவர் ஊஞ்சல் ஆடுறார்னுதான் நெனச்சிருப்பாங்க."

நான் முப்பது வருஷம் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்தவன். அதைத்தான் குத்திக்காட்டினாள்.

அப்புறம் அவரோடு பேச்சு ஒட்டிக்கொண்டது. கையில் வேலை இருந்தால்தான் அவருக்கு வாய் திறக்கும். குழாயைக் கழுவிக்கொண்டே தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். விமானத்தில் வரும் மீன் பைகளைப் பிரிக்கிற கடையில் பன்னிரண்டு வருஷம் இருந்திருக்கிறார். காலையில் போனதும் முதல் வேலை, வழியில் செத்ததைப் பொறுக்கித் தனியாகப் போடுவது. அதில்தான் பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்றார். எது சூட்டில் செத்தது, எது மூச்சு முட்டிச் செத்தது, எது பயந்தே செத்தது என்று பார்த்ததும் தெரியுமாம்.

பிறகு சொந்தமாக இறங்கி, ஒரு பல் டாக்டர் ஆஸ்பத்திரியில் பெரிய தொட்டி வைத்துக்கொடுத்திருக்கிறார். தண்ணீரின் உப்பைப் பார்க்க அவரிடம் ஒரு சின்னக் குழாய் உண்டு. ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். அந்தக் குழாய் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்ல ஆரம்பித்திருக்கிறது. இவர் ஒரு வருஷம் அதை நம்பியிருக்கிறார். பல் வலியோடு காத்திருந்தவர்கள் கண் முன்னால் தொட்டி முழுக்கச் செத்தது. இவரே டாக்டரிடம் போய், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் ஒரு வீட்டுக் கதவும் அதற்குப் பிறகு இவருக்குத் திறக்கவில்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாமே என்றேன்.

"டாக்டருக்குத் தெரிஞ்சிருக்காதுண்ணே. எனக்குத் தெரியுமே" என்றார்.

மாப்பிள்ளையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்சல் பிரிக்கிற ஒரு கிட்டங்கியில் சூப்பர்வைசர். நாள் முழுக்கச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவர். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் நிற்பார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்தத் தொட்டி உண்டு. என் மகள் அதை மூத்தாள் என்பாள். மூத்தாளுக்குச் சாப்பாடு ஆச்சா, மூத்தாளுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பாள். அவர் கோபிக்க மாட்டார்.

தொட்டிக்குள் மீன் நாலைந்துதான். மற்றதெல்லாம் பவளம். நான் அதைக் கல் என்று நினைத்திருந்தேன். அது உயிர் என்று தொட்டிக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு விரல் நீளப் பவளத்தில் நூற்றுக்கணக்கான சின்ன வாய்கள். அதன் தோலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அந்தப் பாசி சமைக்கும், பவளம் சாப்பிடும். பவளத்தின் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் அந்தக் குடித்தனக்காரனால் வந்தவை. ஏதாவது ஒன்று தாங்க முடியாமல் போனால், பவளம் அந்தப் பாசியை வெளியே துப்பிவிடும். அப்போது வெளுத்துப்போகும்.

பேத்தி பிறந்தாள். அந்த வார வெள்ளிக்கிழமை மாலை. மறுநாள் குழந்தையை வீட்டுக்குக் கூட்டிவருகிறார்கள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில். என் வீட்டுக்காரி சமையலில். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழந்தை வருகிற வீடு பளபளவென்று இருக்க வேண்டாமா? எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. ஜன்னல் கண்ணாடி எல்லாம் துடைத்தேன். பால்கனிக் கதவு, பீரோ கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி. அப்புறம் கண் தொட்டிப் பக்கம் போனது.

தொட்டியின் வாயை மூன்று கண்ணாடி மூடிகள் மூடியிருக்கும். அதற்கு மேலே கம்பியில் லைட் தொங்கும். தண்ணீர் தெறித்துத் தெறித்துக் காய்ந்து, மூடிகளின் மேல் சுண்ணாம்பு அடித்தது போல உப்பு படிந்திருந்தது. லைட்டின் அடிக் கண்ணாடியிலும் அப்படியே. இத்தனை நாளாக இதை யாரும் துடைக்கவில்லையே, தொட்டிக்காரர் நாற்காலியில் உட்காருகிற நேரத்தில் இதைச் செய்திருக்கலாமே என்று மனசில் ஒரு வார்த்தை திட்டினேன். மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் வெந்நீரில் ஊறவைத்து, பிளேடால் சுரண்டி, துடைத்துக் காயவைத்தேன். லைட்டின் அடியையும் ஈரத் துணியால் துடைத்தேன். சோப்பு ஒரு சொட்டுத் தொடவில்லை. சோப்பு மீனுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு ஜாக்கிரதையாகச் செய்தேன். எல்லாவற்றையும் திரும்ப வைத்து லைட்டைப் போட்டேன். கூடமே எழுந்து நின்றது போல இருந்தது.

மறுநாள் குழந்தையோடு உள்ளே வந்த மாப்பிள்ளை, வீடே வெளிச்சமாக இருக்கிறதே மாமா என்றார். பேத்தி வந்த வெளிச்சம் மாப்பிள்ளை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். துடைத்ததை நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. வீட்டுக் கண்ணாடியைத் துடைத்ததை யார் ஒப்பிப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை மாலை மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து தொட்டி முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் மெதுவாக, கிளைபோல வளர்ந்திருந்த பெரிய பவளத்தைக் காட்டி, இதன் நிறம் இறங்கியிருக்கிறதா என்று என்னைக் கேட்டார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் மகள் வந்து பார்த்துவிட்டு, ஆமாம், டீயில் பால் அதிகமானது போல இருக்கிறது என்றாள். மாப்பிள்ளை மூன்று மூடிகளையும் எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, உள்ளே கையை விட்டுச் சூடு பார்த்தார். பிறகு தொட்டிக்காரருக்குப் போன் போட்டார்.

அவர் இரண்டு மாடி கீழே வேறு வீட்டு வேலையில் இருந்தார். வாளியோடு ஏறி வந்து, நாற்காலியை இழுத்தார். மாப்பிள்ளை உட்கார விடவில்லை. முதல்ல தண்ணியைப் பாருங்கண்ணா, அப்புறம் உட்காரலாம் என்றார். அவர் பாவம், உடனே கண்ணாடிக் குப்பிகளை வரிசையாக வைத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்க ஆரம்பித்தார். சூடு சரியாக இருந்தது. உப்பு சரியாக இருந்தது. சுண்ணச் சத்து சரி. மீன் கழிவு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதும் சரி.

எல்லாம் சரி என்றால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்க வேண்டும். அந்த வீட்டில் அன்றைக்கு எல்லாம் சரி என்ற சொல் யாருக்கும் பிடிக்கவில்லை. காரணம் அகப்படாவிட்டால் ஆளைத் தேடுவார்கள் அல்லவா? முதலில் அகப்பட்டது என் வீட்டுக்காரி. குழந்தைக்குக் குளிரும் என்று ஏசியை அணைத்து வைத்தது அவள்தான். அதனால் தண்ணீர் சூடாகியிருக்குமா என்று மாப்பிள்ளை கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் என் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழந்தை வந்து நாலாம் நாள் அந்த வீட்டில் முதல் கதவு சாத்திக்கொண்டது.

தொட்டிக்காரர் புதன்கிழமை இரண்டு தெர்மாமீட்டர் கொண்டுவந்து இரண்டையும் போட்டுக் காட்டினார். இரண்டும் ஒரே கணக்கைச் சொன்னது. சூடு இல்லை சார், பாப்பா மேல பழி வேண்டாம் என்றார். உப்பு பார்க்கிற குழாயைச் சுத்தமான தண்ணீரில் சரிபார்த்தார். பூஜ்யம் காட்டியது. இன்னொருவரிடம் இரவல் வாங்கிய குழாயிலும் பார்த்தார். பல் டாக்டர் ஆஸ்பத்திரிக் கதை மாப்பிள்ளைக்கும் தெரியும். குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். போன மாசம் உப்புப் பாக்கெட்டை வேறு கம்பெனிக்கு மாற்றினீர்களே என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை தொட்டிக்காரர் தன் வழக்கமான நேரத்துக்கு வந்தார். மாப்பிள்ளை வேலையில். பெரிய பவளம் அதற்குள் பல் வெள்ளையாகிவிட்டிருந்தது. அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் இல்லை, அரை மணி நேரம். நான் பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு கட்டத்தில் எழுந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்துப் பவளத்தின் அடியில் அடித்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேலே பார்த்த பக்கமெல்லாம் வெள்ளை. அதே கிளையின் அடிப்பக்கம் பழுப்பு மாறாமல் அப்படியே இருந்தது. பாறை இடுக்கில் ஒன்று நிழலில் இருந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை. உப்போ சூடோ என்றால் மேல் கீழ் பார்க்காது, தண்ணீர் எல்லாப் பக்கமும்தானே இருக்கிறது என்றார். மேலே மட்டும் அடித்திருக்கிறது என்றால், அடித்தது மேலே இருந்து வந்திருக்கிறது.

சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கினார். மூடிகளைப் பார்த்தார். லைட்டின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். ஒரு மூடியை எடுத்துச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். அதில் ஒரு கோடு, ஒரு திட்டு, ஒரு விரல் அடையாளம் இல்லை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் முதுகில் இருந்த என் கையைப் பார்த்தார்.

பையிலிருந்து ஒரு கொசுவலைத் துண்டை எடுத்து, இரண்டு மடிப்பாக மடித்து மூடிகளின் மேல் விரித்தார். கூடம் மங்கியது.

மாப்பிள்ளை வரும்வரை காத்திருந்தார். வந்ததும் எழுந்து நின்று சொன்னார்.

"லைட் கூடிப்போச்சு சார். இந்த வலை ஒரு மாசம் இருக்கட்டும். செத்துப்போகலை, பட்டினியா கெடக்குது. தப்பு என்னோடது."

"ரெண்டு வருஷமா அதே லைட்டுண்ணா. அதே அளவுலதான் ஓடுது. போன வாரம் வரைக்கும் கூடாதது இப்ப எப்படிக் கூடும்?"

அவர் வலையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"பல் டாக்டர்கிட்டயும் இதையேதான் சொன்னீங்களா, தப்பு என்னோடதுன்னு?"

"அங்க உப்பு சார். இங்க வெளிச்சம்."

"இனிமே வர வேண்டாம்ணா" என்றார் மாப்பிள்ளை. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம் போல இருந்தது.

வெளிச்சம் என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு உறைத்துவிட்டது. பேத்தியைத் தட்டிக்கொண்டே நின்றேன். தொட்டிக்காரர் வாளியை எடுத்துக்கொண்டு போனார். நான் பேத்தியை என் வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று சொல்லி மாடிப்படியில் ஓடினேன். கீழே சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் பிடித்தேன்.

"துடைச்சீங்களாண்ணே?" என்று அவரே கேட்டார்.

துடைத்தேன் என்றேன்.

"நல்லா துடைச்சிருக்கீங்க" என்றார். கிண்டல் இல்லை. ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார். அதுதான் என்னைச் சுட்டது.

பிறகு விவரம் சொன்னார். அந்த லைட் அந்தத் தொட்டிக்கு அதிகம். வாங்கியபோதே குறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. ஆசைப்பட்டு வாங்கியதை மங்கலாக ஓட்டவா என்று கேட்டிருக்கிறார். இவர் மேலே பேசவில்லை. உப்புப் படலத்தைத் துடைக்காமல் விட்டுவிட்டார். கட்டி கட்டியாகச் சேர்ந்தால் மட்டும் கொஞ்சம் சுரண்டி, ஒரே அளவாக வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு வருஷமாக அந்த உப்புதான் திரை. பவளம் அந்த மங்கலுக்குப் பழகிவிட்டது. நான் ஒரே நாளில் திரையைக் கிழித்துவிட்டேன்.

இதை ஏன் மேலே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எதைச் சொல்லச் சொல்றீங்க? உங்க மாமா துடைச்சுட்டார்னா? பாப்பாவைப் பார்க்க வந்திருக்கீங்க. இல்ல, உங்க லைட்டை உங்களுக்குத் தெரியாம நான் ரெண்டு வருஷமா மறைச்சு வச்சேன்னா? ரெண்டும் நல்லா இல்லண்ணே."

நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை அந்தக் கட்டடத்துக்காரர்களின் போன் குழுவில் மாப்பிள்ளை இரண்டு வரி போட்டார். திட்டியெல்லாம் எழுதவில்லை. என் தொட்டி வெளுத்துவிட்டது, தொட்டிக்காரரை நிறுத்திவிட்டேன், அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். சாயங்காலத்துக்குள் நாலு வீடு அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மற்ற இரண்டு வீடு சொல்லவில்லை, போனை எடுக்கவும் இல்லை.

அதே வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை கொசுவலையை உருவி எடுத்துக் குப்பையில் போட்டார். அவர் பேச்சைக் கேட்டுத்தான் இந்தக் கதி, இதில் இருட்டு வேறா என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, பாப்பாவைக் கொஞ்சம் பிடிங்க மாமா, உங்ககிட்டதான் சீக்கிரம் தூங்குறா என்று என் கையில் கொடுத்தார். வாயை மூடிக்கொண்டேன்.

சனி, ஞாயிறு எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். துப்பாக்கி காட்டியது போல அவள் கையைத் தூக்குவாள். சிரிப்பு வரும், பாதியில் நிற்கும். எனக்குப் பின்னால் அந்த வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது. மறுபடி துணி போட்டு மூடலாமா என்று நினைப்பேன். யார் போட்டது என்று கேட்பார்களே என்று விட்டுவிடுவேன். ஒரு மனுஷன் ஏழு வீட்டையும் இழந்துவிட்டு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார். நான் பேத்திக்குத் தாலாட்டு முனகிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது என் வீட்டுக்காரி மெதுவாகச் சொன்னாள்.

"சமையக்கட்டுல நீங்க அந்தக் கண்ணாடியைச் சுரண்டினப்போ நான் அடுப்புகிட்டதான் நின்னேன். எப்ப சொல்வீங்கன்னு மூணு நாளா உங்க வாயையே பார்த்துக்கிட்டிருக்கேன்."

அவளுக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்டேன். கொசுவலை போட்ட அன்றைக்கு உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தாலே தெரிந்தது என்றாள். நீயே சொல்லியிருக்கலாமே என்றேன். துடைத்தது யார் என்று திருப்பிக் கேட்டாள்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை சீக்கிரம் வந்துவிட்டார். பெரிய பவளத்தில் தோல் உரிந்து தொங்கியது. அவர் முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு அதை உடைத்து எடுத்து ஒரு தட்டில் வைத்தார். அந்தக் கிளையை அவர் விரல்கடை அளவில் வாங்கி ஆறு வருஷம் வளர்த்தவர். பக்கத்தில் இன்னொன்றும் முடிந்துவிட்டிருந்தது. அதையும் எடுத்தார். சட்டைக் கை நனைந்ததைக் கவனிக்கவில்லை. என் மகள் மூத்தாள் என்ற சொல்லை அன்றைக்கு எடுக்கவில்லை. ஒரு துண்டைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டாள்.

நான் அப்போது சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். வெள்ளிக்கிழமை, வெந்நீர், பிளேடு எல்லாம்.

மாப்பிள்ளை சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தார். என் மேல் பாய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்தார். பிறகு, மாமா துடைத்தது அவருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்புறம் ஏன் சொல்லவில்லை என்றார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் உப்புத் திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சொன்னேன். சொல்லும்போதே, தொட்டிக்காரரைத் தூக்கிவிட வந்தவன் இன்னொரு பக்கம் இடறிவிடுகிறேன் என்று தெரிந்தது.

"ஆக ரெண்டு வருஷமா என்னை ஏமாத்திக்கிட்டிருந்திருக்கார்" என்றார் மாப்பிள்ளை.

என் மகள் துண்டை எடுத்து அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "குறைச்சு வைங்கன்னு அவர் சொன்னாரே, நீங்க கேட்டீங்களா?"

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணுமில்ல. கேட்டீங்களான்னு கேட்டேன்."

அவர் துண்டை வாங்கித் தானே துடைத்துக்கொண்டார். என்னிடம் அன்றைக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்க் குப்பைக் கூடையைக் கிளறினார். வலை போய்விட்டிருந்தது. என் வீட்டுக்காரி தன் பழைய வாயில் புடவை ஒன்றை மடித்துக் கொடுத்தாள். அதை மூடிகளின் மேல் விரித்தார். குழந்தை அழுதபோது அவரே போய்த் தூக்கினார். என்னிடம் கொடுக்கவில்லை. அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் மற்ற ஆறு வீட்டுக் கதவையும் நான் தட்டினேன். போன் குழுவில் நானே எழுதிவிடுகிறேன் மாமா என்று மாப்பிள்ளை சொன்னார். எழுதவும் செய்தார். ஆனால் கெட்டதைப் படித்த வேகத்தில் நல்லதை யார் படிக்கிறார்கள்? நேரில் போனால்தான் ஆகும் என்று போனேன். முதல் வீட்டில் ஒரு அம்மா கதவைப் பாதி திறந்து, நீங்கள் யார் என்றார். நாலாம் மாடிப் பாப்பாவின் தாத்தா, கண்ணாடியைத் துடைத்துக் காரியத்தைக் கெடுத்தவன் என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அவரை வரச் சொல்லுங்கள் என்றார். அப்படி நாலு வீடு ஒப்புக்கொண்டது. ஐந்தாவது வீட்டில், உப்புத் திரை விஷயத்தையும் குழுவில் படித்தோம், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தன் இஷ்டத்துக்குச் செய்கிற ஆள் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். அதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்கு வாய் வரவில்லை. ஆறாவது வீட்டில் பேசவே இடமில்லை. கழுத்தில் அட்டை தொங்க, சீருடை போட்ட ஒரு ஆள் வந்து தொட்டியில் கையை விட்டுக்கொண்டிருந்தார்.

தொட்டிக்காரரின் வீட்டுக்கும் மாப்பிள்ளையோடு போனேன். ஒரே ஒரு அறை. அவர் மனைவி தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிற வார்த்தையைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. வியாழக்கிழமை வாங்கண்ணா என்று மட்டும் சொன்னார். தொட்டிக்காரர் என்னைப் பார்த்துச் சங்கடமாகத் தலையை ஆட்டினார். சொல்ல வேண்டாம் என்றேனே என்பது போல இருந்தது. மனைவி மெஷினை நிறுத்தாமலே பேசினார்.

"இவர் யார்கிட்டயும் எதையும் சொல்ல மாட்டார். உள்ள வச்சுக்கிட்டே இருப்பார். கேட்டா, பார்த்துக்கிட்டிருக்கேன்னு சொல்வார்."

வியாழக்கிழமை வந்தார். லைட்டை மாப்பிள்ளை பாதியாகக் குறைத்து வைத்திருந்தார். இது போதுமா என்று கேட்டார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, தொட்டிக்காரர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். பழைய ஆளாக இருந்தால், இருக்கட்டும் சார் என்று சொல்லிவிட்டு, தன் வழியில் ஏதாவது செய்திருப்பார்.

"போதாது சார். இன்னும் பாதி கொறைங்க. மாசத்துக்குக் கொஞ்சமா ஏத்திக்கலாம். நான் சொல்லாம நீங்க ஏத்தக் கூடாது" என்றார்.

அந்த லைட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் போனிலிருந்துதான். மாப்பிள்ளை போனை எடுத்துக் குறைத்தார். அவர் முகத்தில் கசப்பு இருந்தது, ஆனால் குறைத்தார்.

மிச்சம் இருந்த வெள்ளைப் பவளங்களை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவற்றில் மூன்று போய்விட்டது. நாலு இன்னும் உயிரோடு இருக்கிறது, வாய் திறந்து மூடுகிறது, ஆனால் பாசி திரும்பிக் குடிவந்தால்தான் உண்டு என்றார். எத்தனை பிழைக்கும் என்று கேட்டேன். இரண்டு மாசம் போனால்தான் தெரியும் என்றார். அதுவரை சின்னக் குழாயால் இரை ஊட்ட வேண்டும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். பேத்தி தூங்குகிற நேரத்தில் செய்கிறேன். மாப்பிள்ளை இப்போது குழந்தையை மறுபடி என்னிடம் கொடுக்கிறார். முன்பு போல ஓடிவந்து கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

தொட்டிக்காரருக்கு ஏழில் ஐந்து வீடு திரும்பக் கிடைத்தது. நான் முன்பு கயிற்றில் தொங்கிய அலுவலகங்களில் எனக்குத் தெரிந்த காவல்காரர்கள் உண்டு. வரவேற்பறையில் கடல் தொட்டி வைத்திருக்கிற கம்பெனி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டு வைத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் ஒருவரும் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் அவருக்கு வேலை இல்லை.